கொல்லையில் ஒரு மூலை பெருக்காமல் கிடக்கட்டும்

நம் பழைய வீடுகளில் வாசலுக்கு ஒரு நியாயம், கொல்லைக்கு ஒரு நியாயம் இருந்தது. விடிவதற்குள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். அங்கே சருகு கிடந்தால் ஊர் பேசும். கொல்லையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கிணற்றடித் தண்ணீர் பாயும் வாழை, துவைக்கிற கல், அடுக்கிய விறகு, மட்டையும் பாளையும் குவிந்த ஓரம், எருக்குழி, வேலியில் படர்ந்த கோவையும் பிரண்டையும் என்று அது தன் போக்கில் கிடந்தது. பூச்சிக்கும் பறவைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று எண்ணி ஒருவரும் அதை அமைக்கவில்லை. ஆனாலும் கல்லின் அடியில் தேரை இருந்தது, விறகின் ஓட்டைக்குள் கருவண்டு இருந்தது, வேலிக்குள் தையல்சிட்டு கூடு கட்டியது. இன்று நகரத்திலும் சிற்றூரிலும் எழும் வீடுகளில் வாசலின் நியாயம் நான்கு பக்கமும் பரவிவிட்டது. மதில் வரைக்கும் சிமெண்டு அல்லது பேவர் பிளாக். மிச்சமிருக்கும் மண்ணில் குரோட்டன்ஸும் புல்தரையும். விழுகிற இலையை அன்றன்றே வாரிக் கட்டுகிற பழக்கம். இந்த வீட்டுக்காரர்களில் பலர் பட்டாம்பூச்சியும் குருவியும் வரவில்லையே என்று உண்மையாகவே வருந்துகிறவர்கள். அதற்காகத் தேடித்தேடிப் பூச்செடி வாங்கி வைக்கிறவர்கள். பூ வைப்பது பாதி வேலைதான் என்பதையே அவர்களிடம் சொல்ல விரும்புகிறேன். தங்க இடமில்லாத தோட்டத்துக்கு உயிர்கள் வந்துபோகலாம்; அங்கே வாழ முடியாது.

ஒரு பூச்சியின் வாழ்நாளில் நம் கண்ணில் படுவது கடைசிக் கொஞ்ச காலம் மட்டும். பூவில் உட்காரும் பட்டாம்பூச்சிக்குப் பெரும்பாலும் சில வார ஆயுள். அதற்கு முன்னால் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக அது கழித்த நாட்களுக்குத் தேனால் பயனில்லை. குறிப்பிட்ட ஓர் இலையும், அசையாமல் தொங்க ஒரு மறைவான காம்பும் வேண்டும். மின்மினி இன்னும் நல்ல உதாரணம். பறந்து ஒளிவிடுவது சில நாட்கள்தான். மாதக்கணக்கில் அது புழுவாக ஈரச் சருகுக்கும் மண்ணுக்கும் இடையில் கிடந்து நத்தைகளைத் தின்று வளர்கிறது. சருகை வாரிவிட்டால் அந்தத் தலைமுறையே போயிற்று. தேனீக்களைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படமும் அரைகுறையானது. தேனீ என்றதும் தேன்கூடு நினைவுக்கு வருகிறது. உலகில் அறியப்பட்ட ஏறத்தாழ 20,000 தேனீ வகைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தேன் சேர்த்து வைப்பதுமில்லை. ஒவ்வொரு தாயும் தனியாக ஒரு வளை தேடி, அதில் மகரந்த உருண்டை வைத்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டுப் போகிறது. இவற்றில் பெரும்பகுதி வெறும் மண்ணில் துளை போடுபவை. மற்றவை மூங்கில், காய்ந்த தண்டு, பட்ட மரத்தின் ஓட்டை, மண்சுவரின் இடுக்கு ஆகியவற்றை நாடுபவை. மண்ணைச் சிமெண்டால் மூடி, பட்ட கிளையை வெட்டி, சுவரை வழவழவென்று பூசிவிட்டு, பூ மட்டும் வைத்த தோட்டம், சோறு போட்டுவிட்டுப் படுக்க இடமில்லை என்று அனுப்பிவிடும் சத்திரத்தைப் போன்றது.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்டால் கத்தரிக்காயிலிருந்தே தொடங்கலாம். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் மகரந்தம் வெளியே உதிர்ந்து கிடப்பதில்லை. குழாய் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும். கத்தரியில் நுனியில் சிறு துளை வழியாக மட்டுமே அது வெளிவரும். காற்றில் செடி ஆடினாலே ஓரளவு காய் பிடிக்கும். ஆனால் பூவைப் பற்றிக்கொண்டு இறக்கைத் தசைகளை அதிரவிட்டு மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்த தேனீ வந்தால் காய்ப்பு கூடும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப் பட்டை வயிற்றுடன் ரீங்காரமிட்டு வரும் நீலவரித் தேனீக்கும், ஊரில் கருவண்டு என்று சொல்லப்படும் பெரிய கறுப்புத் தச்சுத் தேனீக்கும் தெரியும். முன்னது மண்ணிலும் மண்சுவரிலும் வளை போடும். பின்னது பட்ட மரத்தையும் காய்ந்த மூங்கிலையும் குடையும். முருங்கைப் பூவுக்கும் கருவண்டு முக்கியமான விருந்தாளி. துவரையின் மகரந்தச் சேர்க்கையில் இலைவெட்டித் தேனீக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரோஜா இலையின் ஓரத்தை நாணயம் போல வட்டமாக நறுக்கிக்கொண்டு போய்த் தன் வளைக்கு உள்தாள் ஒட்டுவது இதுவே. அந்த வட்டத்தைப் பார்த்ததும் நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்கள் உண்டு. செடிக்கு அதனால் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்குக்கு மேல் ஏதோ ஓர் அளவில் உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருப்பதாக ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு 2016-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த உயிர்கள் காய்கறித் தோட்டத்துக்கு எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. பக்கத்தில் எங்காவது குடியிருந்தால்தான் வரும், ஏனென்றால் சிறு தேனீக்கள் தங்கள் வளையிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போவது அரிது.

அடுத்தது குளவி. வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையால் நம் பாட்டிமார் அதை இடிக்க விடுவதில்லை. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்றும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. உள்ளே நடப்பது வேறு: தாய்க்குளவி ஒரு பச்சைப் புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் அடைத்து அதன்மேல் முட்டையிடுகிறது, பொரிந்த குஞ்சு அந்த இரையை உயிரோடு தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. விளக்கம் எப்படியிருந்தாலும் கூட்டை இடிக்காமல் விட்டது சரி. செடியில் இலைதின்னும் புழுக்களைப் பொறுக்க அதைவிட ஊக்கமான கூலியாள் கிடையாது. இன்னும் சிறிய குளவிகள், கண்ணுக்கே சரியாகத் தெரியாதவை, இதைவிடப் பெரிய வேலை செய்கின்றன. 2008-ல் கோவைப் பகுதியில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவித் தமிழக உழவர்களை உலுக்கியது. என்ன மருந்து அடித்தாலும் அடங்காத அதை அடக்கியது, 2010-ல் போர்ட்டோ ரீகோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி விடப்பட்ட ‘அசிரோபேகஸ்’ என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஆய்வகம் அதைக் கொண்டுவந்து விட்டது. அதன்பின் அது தானே பெருகி நின்றதற்கு, மருந்து படாத செடிகளும் ஒதுங்க இடமும் தேவைப்பட்டன. பொறிவண்டு, கும்பிடுபூச்சி, சிலந்தி, அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இரை இல்லாத நாட்களில் அவை ஒதுங்கியிருக்கும் இடத்தை அழித்துவிட்டு, பூச்சி வந்த நாளில் அவற்றைத் தேடினால் கிடைக்காது.

வீட்டுத் தோட்டம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு உலகிலேயே பொறுமையான சான்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருக்கிறது. ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் தன் வீட்டுத் தோட்டத்தில் கண்ட உயிரினங்களையெல்லாம் பதிவு செய்தார். காடோ சதுப்போ அல்ல. புறநகரில் தெருவோரம் இருந்த 741 சதுர மீட்டர் மனை, நம் கணக்கில் மூன்றேகால் கிரவுண்டுக்குச் சற்று மேல். அதில் அவர் அடையாளம் கண்டவை 2,673 வகைகள். அவற்றில் பூச்சிகள் மட்டும் 1,997. சில குளவிகளை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பதிவு செய்ததும் அந்தத் தோட்டம்தான். அவர் மருந்து தெளிக்கவில்லை, வெறும் மண்ணை அதிகம் விடாமல் செடிகளை நெருக்கமாக வளர்த்தார். மற்றபடி அது பூவும் காயும் விளைந்த சாதாரணத் தோட்டம். காட்டை அரசு பார்த்துக்கொள்ளும், வீட்டுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பதில் உண்டு. கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தார் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் வலைப்பொறி வைத்துச் சேர்த்த தரவுகளை 2017-ல் வெளியிட்டார்கள். பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பாதுகாக்கப்பட்ட இடங்களிலேயே இந்த நிலை. சுற்றிலும் இருக்கும் வயலும் ஊரும் இடம் தராவிட்டால் வேலியிட்ட தீவுகள் மட்டும் உயிர்களைக் காக்க முடியாது என்பதே அதிலிருந்து எனக்குப் புரிவது.

தங்க இடம் என்றவுடன் பலர் இணையத்தில் விற்கும் ‘பூச்சி ஹோட்டல்’ மரப்பெட்டியை நினைப்பார்கள். அதைப் பற்றியும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத் தோட்டங்களில் செய்த சோதனையின் முடிவுகள் 2005-ல் வெளிவந்தன. தனித்தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் வைத்த குழாய்க் கூடுகள் நன்றாகப் பலித்தன. சிறு குட்டைகளும் பட்ட மரத்துண்டுகளும் ஓரளவு. பம்பிள் தேனீக்கென்று கடைகளில் விற்பது போன்ற கூடுகளில் ஒன்றுகூடக் குடியேறவில்லை. கனடாவின் டொரண்டோவில் ஏறத்தாழ 600 தேனீக் கூடுகளை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைக் குளவிகள் பிடித்துக்கொண்டதையும், குடியேறிய தேனீக்களில் பாதிக்கு அருகில் வெளிநாட்டு வகைகளாக இருந்ததையும் காட்டியது. குளவி வந்ததைக் குறையாக நான் கருதவில்லை. மேலே சொன்ன காரணத்தால் அது வரவேற்க வேண்டிய குடி. ஆனால் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: எந்தப் பெட்டியையும் வாங்கி மாட்டினால் போதும் என்ற நினைப்பு பலிக்காது. அதிலும் அந்தப் பெட்டிகளின் வடிவம் ஐரோப்பியக் குளிர்காலத்தை மனத்தில் வைத்துச் செய்தது. பைன் காயும் வைக்கோலும் திணித்த அறைகள் பனியிலிருந்து காக்கும். நம் பூச்சிகளுக்கு எமன் பனி அல்ல, சித்திரை வைகாசி வெயில். அந்த நாட்களில் வெற்றுத்தரையின் மேற்பரப்பு மதியத்தில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சிமெண்டுத் தரை சூடேறி இரவிலும் ஆறாது. எனவே நம் ஊரில் தங்குமிடம் என்றால் முதலில் நிழல், ஈரம், குளிர்ச்சி. மேற்கு வெயில் படும் மொட்டைச் சுவரில் மாட்டிய அழகான பெட்டி ஒரு சூளை ஆகிவிடும்.

அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சருகைச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டாம், மரமே தருகிறது. மாமரத்தின் அடியிலோ வேம்பு, புங்கத்தின் அடியிலோ விழும் இலையை, மரத்தின் கிளை பரவும் வட்டத்துக்குள் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி அப்படியே விட்டால் போதும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருப்பது மரத்துக்கு நல்லது. கோடையில் அதன் அடியில் கை வைத்துப் பார்த்தால் மண் குளிர்ந்திருக்கும். மண்புழு, மரவட்டை, சிறு வண்டுகள், அவற்றைத் தின்னும் சிலந்தி, அரணை, தேரை, சருகைப் புரட்டி இரை பொறுக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஓராண்டில் கீழடுக்கு மக்கி உரமாகும். எருவுக்குச் செய்யும் செலவும் குறையும். எல்லா இடத்தையும் சருகால் மூடுவதும் தவறு. மண்ணில் வளை போடும் தேனீக்களுக்கு வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத, கொத்தாத வெறும் மண் ஒரு முழம் அகலத்துக்காவது வேண்டும். கொஞ்சம் மேடாகவோ சரிவாகவோ இருந்தால் மேலும் நல்லது. மூங்கிலில் கூடு அமைப்பதும் எளிது. கணுவுக்கு ஒரு பக்கம் அடைபட்டிருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, சுண்டுவிரல் நுழைவதும் அதைவிடச் சிறியதுமான துளைகள் கொண்ட துண்டுகளைக் கட்டாகக் கட்டி, காலை வெயில் படும், மழைச்சாரல் படாத சன்ஷேடு நிழலில் படுக்கைவாட்டில் தொங்கவிட வேண்டும். தொங்கும் கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, குஞ்சு வெளியேறிய பழைய துண்டுகளை எடுத்துப் புதியது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்ணிகளும் பூஞ்சையும் சேர்ந்துவிடும். பட்ட கிளை ஆள் நடமாட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் வெட்டாமல் விடலாம். குக்குறுவான் அதில் பொந்து குடையும்; அது காலி செய்த பின் மைனாவும் கிளியும் குடிபுகும்.

வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இழந்தவற்றில் பெரியது அதுதான். காங்கயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இன்றும் நிற்கும் கிளுவை வேலி ஆடுமாடுகளைத் தடுக்கத் தலைமுறைகளாக வளர்த்தது. முள்ளும் நெருக்கமும் சேர்ந்த அந்த வேலிக்குள் பறவைகள் கூடு வைக்கின்றன, ஓணான் ஒதுங்குகிறது, கொடிகள் ஏறுகின்றன. நகரத்து மனைக்கு அவ்வளவு அகலம் கிடைக்காதுதான். ஆனாலும் மதிலை ஒட்டி நொச்சி, ஆடாதொடை, கிளுவை இவற்றை ஒரு வரிசை நெருக்கமாக வைத்துக் கொஞ்சம் உயரமாக வளரவிட்டால் தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் போதும். தேன்சிட்டு தன் தொங்கு கூட்டைச் சிலந்தி நூலால் பிணைக்கிறது. ஒட்டடைக் குச்சியோடு தோட்டத்துக்குள் போகாமலிருப்பதும் ஒரு உதவியே. மதில் ஓரத்தில் தானே முளைக்கும் செடிகளில் சிலவற்றைப் பிடுங்காமல் விடுவதற்கும் காரணம் உண்டு. எருக்கில் வெந்தய வரியன் என்ற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி முட்டையிடும். தரையில் படரும் ஆடுதின்னாப்பாளை கறுப்பும் சிவப்புமான ரோசா அழகிகளின் புழுவுக்கு உணவு. அது இல்லாத இடத்தில் எத்தனை பூ வைத்தாலும் அவை இனம் பெருக்க முடியாது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது பட்டாம்பூச்சியின் இளம் புழு. நாலு கொத்து கறிவேப்பிலையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைக்கும் நல்ல பழக்கம் பரவியிருக்கிறது. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2020 அறிக்கை, நாட்டளவில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் காட்டியது. கான்கிரீட் வீட்டில் பொந்து இல்லாதது ஒரு காரணம் என்றால், குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லாதது இன்னொன்று. பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சு பூச்சியைத் தின்றுதான் வளரும். எனவே பெட்டி தொங்கும் வீட்டில் மருந்து தெளிப்பானுக்கு வேலை இருக்கக் கூடாது.

இவ்வளவையும் கேட்டபின் எவரும் கேட்கும் முதல் கேள்வி பாம்பு. அது நியாயமான அச்சம். அதை மழுப்பிப் பேசுபவர்களை நம்பக் கூடாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஆகவே ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் சொல்வது போலக் கல்லையும் கட்டையையும் வீட்டுச் சுவரோரம் குவித்து வைக்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விறகும் செங்கல்லும் ஓடும் குவிந்த இடுக்குகளை வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். மனை சிறியதாக இருந்தால் வைக்கவே வேண்டாம். பாம்பு நுழைய முடியாத தங்குமிடங்களே போதுமான அளவு இருக்கின்றன: கண் மட்டத்தில் தொங்கும் மூங்கில், வெறும் மண், நிற்கும் பட்ட கிளை, அடிப்பகுதி தெரியும்படி கழித்துவிட்ட புதர். சருகைத் திறந்த இடத்தில், நாலு விரலுக்கு மேல் போகாமல், வாசற்படியிலிருந்து எட்ட வைக்கலாம். சருகைக் கையால் அள்ளாமல் நீளமான குச்சியாலோ வாரியாலோ கிளற வேண்டும். இரவில் டார்ச் இல்லாமல், செருப்பில்லாமல் தோட்டத்தில் நடக்கக் கூடாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பாம்பை வீட்டுக்கு இழுப்பது பெரும்பாலும் எலி. எலியை இழுப்பது மூடாத குப்பைத்தொட்டி, சிந்திய தானியம், கோழித்தீவனம். பளபளவென்று டைல்ஸ் போட்ட மனையிலும் சாக்கடை ஓரத்தில் எலி இருந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் இரவில் தரையில் படுத்துறங்குபவர்களை. அதற்குத் தீர்வு கட்டிலும் நன்றாகச் செருகிய கொசுவலையும்.

கொசுவைப் பற்றிய கவலைக்குப் பதில் சொல்வது இதைவிட எளிது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சருகிலோ புதரிலோ முட்டையிடுவதில்லை, தேங்கிய தண்ணீர் வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். குடுக்கை, டயர், பெயின்ட் டப்பா, தொட்டியின் அடித்தட்டு, நிமிர்ந்து நிற்கும் மூங்கில் முளை ஆகியவைதான் அதன் பிரசவ அறைகள். மூங்கில் கூட்டைப் படுக்கைவாட்டில் கட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம். பறவைக்குத் தண்ணீர் வைக்கும் தட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, ஓரத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் ஏடிஸின் முட்டை தண்ணீர் வற்றிய பின்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தாமரைத் தொட்டி வைப்பவர்கள் கப்பி மீன் விட்டால் போதும். பெரிய குட்டையாக இருந்தால் தட்டானின் இளம்புழுவே கொசுப்புழுவைத் தின்றுவிடும், வளர்ந்த தட்டான் பறக்கும் கொசுவைப் பிடிக்கும்.

உழவர்கள் எழுப்பும் ஆட்சேபம் இன்னும் ஆழமானது, அதில் உண்மையும் இருக்கிறது. தங்குமிடம் நண்பனையும் பகைவனையும் பிரித்துப் பார்க்காது. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு பெருகுவது எருக்குழியிலும், வெட்டிப்போட்டு மக்கும் தென்னை மரத்திலும். ஆகவே பட்ட மரத்தை விடச் சொல்வது தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது. அவற்றின் தண்டை அகற்றிவிட வேண்டும், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும் அல்லது ‘மெட்டாரைசியம்’ பூஞ்சையை இட வேண்டும். ஆப்பிரிக்க ராட்சத நத்தை பரவியுள்ள ஊர்களில் ஈரச் சருகு அதற்கும் வீடாகும்; மழைக்காலத்து இரவுகளில் கையுறை அணிந்து பொறுக்கி அழிக்க ஆளில்லை என்றால் சருகைக் குறைத்துக்கொள்வதே சரி. கரையான் காய்ந்த மரத்தைத் தேடி வரும் என்பதால் எந்தக் கட்டையும் வீட்டுச் சுவரையோ கதவு நிலையையோ தொடக் கூடாது. உண்ணிக்காய்ச்சல் கண்ட பகுதிகளில் வீட்டை ஒட்டி முழங்கால் உயரப் புல்லை வளரவிடுவது ஆபத்து. புதர் மதிலோரத்தில் இருக்கட்டும், குழந்தைகள் விளையாடும் இடம் வெட்டிச் சுத்தமாக இருக்கட்டும். இந்த விலக்குகளையெல்லாம் சேர்த்தாலும் என் வாதம் குறையவில்லை. எந்த இடத்தில், எந்த மரம், எவ்வளவு என்று பார்த்துச் செய்ய வேண்டும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன. ஒரு பகைவனுக்குப் பயந்து எல்லா உயிரையும் வெளியேற்றிய இடத்தில், பகைவன் திரும்பி வரும்போது எதிர்த்து நிற்க யாரும் இருப்பதில்லை.

பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற தயக்கம் சிறியதாகத் தெரியலாம், ஆனால் பல நல்ல எண்ணங்கள் அங்கேதான் நிற்கின்றன. அதற்கு நம் பழைய ஏற்பாடே வழி காட்டுகிறது: வாசல் வாசலாக இருக்கட்டும், பெருக்கிக் கோலம் போட்டு அழகாக. சருகும் புதரும் பின்னால் ஒரு மூலையில், நாலு செங்கல்லை வரிசையாகப் பதித்து எல்லை கட்டியிருந்தால் அது கவனிப்பாரற்ற குப்பை இல்லை, வேண்டுமென்றே விட்ட இடம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். மாடித்தோட்டம் மட்டுமே உள்ளவர்களும் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்து மருந்தில்லாமல் விடலாம், ஒரு தொட்டி மண்ணைக் கொத்தாமல் விடலாம், நிழலில் மூங்கில் கட்டைத் தொங்கவிடலாம். சுவர் இடுக்கில் பிசின் குழாய் நீட்டிக் குடியிருக்கும் கொசுத்தேனீ கொட்டாது. அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைக்காமலிருந்தால் வீட்டுக்கு ஒரு கேடும் இல்லை. இரவு முழுவதும் தோட்ட விளக்கை எரியவிடாமல் இருப்பதற்குச் செலவே கிடையாது, மின்கட்டணமும் மிச்சம். மின்மினியின் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிவது ஒளியால். நம் விளக்கு வெளிச்சத்தில் அந்தச் செய்தி மறைந்துபோகிறது.

மாசியிலும் பங்குனியிலும் வேம்பும் புங்கமும் இலையைக் கொட்டும். அந்த நாட்களில் தெருத்தெருவாகச் சருகு எரியும் புகை எழுகிறது. பொது இடத்தில் குப்பையை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்கச் சொன்னதும் அதே விதிகள்தான். ஆகவே உங்கள் வீட்டு மரம் இந்த ஆண்டு உதிர்க்கும் இலையை எரிக்காதீர்கள், பையில் கட்டித் தெருவிலும் வைக்காதீர்கள். மரத்தடியில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் தள்ளிவிடுங்கள், அடுத்த ஐப்பசி மழை வரை அதில் கை வைக்காமல் இருங்கள்.